பதினான்கு இடங்கள்

பென்னாகரம் ரோட்டில், டயர் கடைக்கு மேல் மாடி.
போர்டில் தீர்த்தம் டிஜிட்டல்ஸ் என்றிருக்கும்.
தண்ணிக் கேன் கேட்டு
வாரத்துக்கு ஒருத்தராவது படியேறி வருவார்.

தீர்த்தகிரி அண்ணன் போட்டோ.
வேடியப்பன் வீடியோ.
அவர்கள் கொண்டுவந்து கொட்டுவதை
வெட்டி ஒட்டுவது நான், கௌசர்.

அண்ணன் யாரையும் சிரிக்கச் சொல்லமாட்டார்.
'சாப்ட்டியாம்மா' என்று கேட்பார்.
பதில் சொல்ல வாய் திறக்கும் அந்த இடுக்கில்
விரல் அழுந்திவிடும்.
முகூர்த்தத்தன்று கல்யாணப் பெண்ணிடம்
அதை வேறு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்
என்பது அவர் கணக்கு.

வேடியப்பனுக்குப் பந்தி போதும்.
பாயசம் ஊற்றுகிறவன் முழங்கை,
இலையை மூடிவிட்டு மறுபடி திறக்கிற கிழவர்.
மேடையையும் கொஞ்சம் எடுடா என்றால்
'மேடை எங்க ஓடிடப் போவுது' என்பான்.

நான் கல்யாணங்களுக்குப் போவதில்லை.
அவை ஹார்ட் டிஸ்க்கில் வந்துவிடுகின்றன.
நாலு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது
எதிரே பூ வாங்குகிறவளை எனக்குத் தெரியும்:
ஆவணி, நல்லம்பள்ளி, இரண்டாம் வரிசை,
தாலி ஏறுகிற நேரத்தில்
காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தாள்.
மொய்க் கவரிலிருந்து ஒரு நோட்டை உருவித்
திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்த மாமா
என் முன் சீட்டில் இண்டூர் வரை தூங்கி வழிவார்.
நான் யாரென்று அவருக்குத் தெரியாது.
அந்த ஏழு நொடியை வெட்டி எறிந்தவள்.

வைகாசியில் ஒரு கல்யாணம். பாலக்கோட்டு மண்டபம்.
நாலாம் நாள் பெண்ணின் அப்பா வந்தார்.
தக்காளி மண்டி வைத்திருக்கிறவர்,
முழுப் பணத்தையும் முன்னாலேயே எண்ணித் தந்தவர்.
வேடியப்பன் கொடுத்த டீயைக் குடிக்காமல்
கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:
'பச்சைச் சேலையில ஒரு பொண்ணு வரும்.
அது எங்கயும் தெரியக்கூடாது.
பெரியவ.'
காரணம் சொல்லவில்லை.
இந்த ஜில்லாவில் அதைக் கேட்க வேண்டியதுமில்லை.

பச்சையைத் தேடினேன்.
வாழைமரத்துக்கு வெளியே, ஜெனரேட்டர் வண்டி ஓரம்.
கை கழுவும் இடத்தில், முதுகு மட்டும்.
கிளம்புகிற காரின் கண்ணாடியில்.
பதினான்கு இடங்கள்.
மேடையில் ஒன்றுகூட இல்லை.
மேடையை மட்டும் எடுத்திருந்தால்
எனக்கு இந்த வேலையே இல்லை என்று
வேடியப்பனைத் திட்டினேன்.
அவன் கிளாஸ் கழுவப் போய்விட்டான்.

வெட்டினேன்.
வெட்ட முடியாத இடத்தில்
பந்தல் துணியை இழுத்து மூடினேன்.
காரின் கண்ணாடியில் வெயிலை ஏற்றினேன்.

ஒன்று மிச்சம்.
பெண் மண்டபத்துக்குள் நுழைகிறாள்.
சட்டத்துக்கு வெளியே, எங்கிருந்தோ, ஒரு குரல்:
'ஏ சின்னு, நெத்திச்சுட்டி திரும்பியிருக்கு பாரு.'
அவள் கை நெற்றிக்குப் போகிறது.
சரிசெய்கிறாள்.
அன்று முழுக்க அவள்
பல் தெரியச் சிரித்தது அங்கே மட்டும்தான்.

தெரியக்கூடாது என்றுதானே சொன்னார்,
என்றார் அண்ணன், லென்ஸைத் துடைத்தபடி.
அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நான் மேளத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

மண்டிக்காரர் வந்து உட்கார்ந்து பார்த்தார்.
முழுசாக, இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம்.
அந்த இடம் வந்தது.
'கொஞ்சம் பின்னால போ.'
போனேன்.
'யாரு பேசறது?'
'கூட்டத்துல யாரோ, சார்.'
'ம்.'
இன்னொரு தடவை போடச் சொன்னார்.
பிறகு பென் டிரைவை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு
படியிறங்கினார். பாதிப் படியில்
யாரிடமென்று இல்லாமல் 'யாரோதான்' என்றார்.

பதினான்கு துண்டுகளும்
பாயசம் என்ற பேரில் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன.
டிஸ்க் நிரம்பும்போதெல்லாம்
எதை அழிக்கலாம் என்று பட்டியல் போடுவோம்.
வேடியப்பன் அதைத் தாண்டிப் படிப்பான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டால்
மூன்று பேரும் திரும்பிப் பார்க்கிறோம்.
பெரும்பாலும் தண்ணிக் கேன்தான்.